சோடா குடித்தால் செரிக்குமா? ஓர் ஏப்பத்தின் வரலாறு

எங்க பெரியப்பாவுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான். கோலி சோடா. வயிறு உப்பினால் சோடா, தலைவலித்தால் சோடா, பிரியாணி கொஞ்சம் அதிகமாகிவிட்டால் கண்டிப்பாக சோடா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பழுக்கக் காய்ச்சின இரும்புக்குப் பக்கத்திலேயே நின்று ஷிப்டு முடித்துவிட்டு வருகிறவருக்கு, ஜி.என்.டி. ரோடு ஓரத்துப் பெட்டிக்கடையில் அந்தக் கோலியை அழுத்தும்போது வருகிற 'டொப்' சத்தம்தான் வேலை முடிந்ததற்கு அடையாளம். குடித்துவிட்டு ஒரு பெரிய ஏப்பம் விடுவார் பாருங்க, எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். "வாயு போச்சுடா" என்பார் திருப்தியாக.

இந்தக் கட்டுரை அந்த ஏப்பத்தைப் பற்றியதுதான். சிரிக்காதீங்க. சோடா செரிமானத்துக்கு நல்லது என்று நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. யார் முதலில் சொன்னது? எதை நம்பிச் சொன்னாங்க? நான் படிப்பது பி.காம். எனக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் சாப்பிடுவதோடு சரி :-) ஆனால் போன வருஷம் எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு இதைத் தேடித் தேடிப் படித்தேன். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கதை 1767ல் இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் ஆரம்பிக்கிறது. ஜோசப் பிரீஸ்ட்லி என்று ஒரு பாதிரியார். பக்கத்திலேயே பீர் காய்ச்சுகிற ஒரு ஆலை. நொதிக்கிற தொட்டிகளுக்கு மேலே ஒரு காற்று தேங்கி நிற்பதை அவர் கவனித்தார். அதுதான் நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்று சொல்வது. அந்தக் காற்றுக்குள் ஒரு பாத்திரத்துத் தண்ணீரை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றினால் தண்ணீருக்கு ஒரு சுருக்கென்ற ருசி வந்தது. 1772ல் அதை எப்படிச் செய்வது என்று ஒரு சின்னப் புத்தகமே எழுதிவிட்டார். எதுக்குத் தெரியுமா? தாகத்துக்கு இல்லை, மருந்துக்கு! நெடுந்தூரக் கப்பல் பயணங்களில் மாலுமிகளுக்கு வருகிற ஸ்கர்வி நோயை இது தீர்க்கும் என்று நினைத்தார். கேப்டன் குக் கப்பலுக்குக்கூட இந்த யோசனை போனது. ஸ்கர்விக்குக் காரணம் வைட்டமின் சி குறைவு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆக, சோடாவின் முதல் மருத்துவ நம்பிக்கையே தப்பு!

பிரீஸ்ட்லி இதில் காசு பண்ணவில்லை. பண்ணியவர் ஜேக்கப் ஷ்வெப். ஜெனீவாவில் 1783ல் தொழிலை ஆரம்பித்து, 1792ல் லண்டனுக்குப் போனார். இன்றைக்கும் பாட்டிலில் அந்தப் பேர் இருக்கிறது. நமக்கு வேண்டிய சங்கதி இங்கேதான் இருக்கிறது. 'சோடா' வாட்டர் என்று ஏன் பெயர்? அந்தக் காலத்துத் தண்ணீரில் நிஜமாகவே சோடா உப்பு போட்டார்கள். நம்ம சமையல்கட்டு ஆப்ப சோடாவின் சொந்தக்கார உப்பு. வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சோடா உப்பு அதோடு சேர்ந்தால் அமிலத்தின் வீரியம் குறையும், கூடவே வாயுவும் வெளிவரும். எரிச்சல் தணியும், ஏப்பமும் வரும். அதாவது வேலை செய்தது உப்பு, சத்தம் போட்டது வாயு.

பிறகு என்ன ஆனது? உப்பு போடாமலே வெறும் வாயுவை மட்டும் அழுத்தத்தில் ஏற்றுகிற தண்ணீருக்கும் அதே பெயரே நிலைத்துவிட்டது. நம்ம தெருவில் கிடைக்கிற சோடா பெரும்பாலும் அதுதான், தண்ணீரும் கேஸும். மருந்து போய்விட்டது, மருந்தின் பெயரும் ஏப்பமும் மட்டும் மிச்சம். ஒரு கம்பெனி முதலீட்டை எல்லாம் எடுத்துவிட்ட பிறகும் போர்டை மட்டும் கழற்றாமல் வைத்திருக்கிற மாதிரி.

கோலி பாட்டிலுக்கு வருவோம். அது நம்ம ஊர்ச் சரக்கு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1870களின் ஆரம்பத்தில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்பும்போது உள்ளே இருக்கிற வாயுவின் அழுத்தமே கோலியை வளையத்தோடு ஒட்டித் தள்ளி மூடிவிடும். கார்க் வேண்டாம், மூடி வேண்டாம். பாட்டில் திரும்பத் திரும்ப உபயோகமாகும். 1892ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கொண்டுவந்த பிறகு மேற்கு நாடுகளில் கோலி பாட்டில் மெல்ல மறைந்தது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரிலும், வட இந்தியாவில் 'பண்டா' என்ற பெயரிலும், நம்மிடம் கோலி சோடாவாகவும் தங்கிவிட்டது. காரணம் எளிமையானது. கையால் சுற்றுகிற ஒரு மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், நூறு பாட்டில் இருந்தால் ஒருவர் தொழில் தொடங்கிவிடலாம். (தெருச்சண்டையிலும் அரசியல் கூட்டத்திலும் சோடா பாட்டில் எப்படிப் பறந்தது என்பது தனி வரலாறு. அதுக்கு இங்கே இடமில்லை.)

நம்ம ஆட்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. இங்கே ஏற்கெனவே செரிமானத்துக்கு என்று ஒரு பெட்டி நிறைய சாமான் இருந்தது. சுக்கு, சீரகம், ஓமம், இஞ்சி, மோர், உப்பு போட்ட எலுமிச்சை. அவற்றை சோடாவுக்குள் இறக்கினார்கள். சீரக சோடா, இஞ்சி சோடா, உப்பு போட்ட லெமன் சோடா, வாசனைக்குப் பன்னீர் சோடா. வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வாயுவும் பாட்டி கைவைத்தியமும் ஒரே பாட்டிலில்! இதனால்தான் நம்ம மனசில் சோடா என்பது கூல்டிரிங்க் இல்லை, பாதி மருந்து. 1916ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் கம்பெனி இந்த உலகத்திலிருந்து வளர்ந்ததுதான். அவர்களுடைய பொவொண்டோ 1950களின் கடைசியில் வந்து, கல்யாணப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பந்தியில் பொவொண்டோ கொடுத்தால் சாப்பாடு செரிக்கும் என்று எங்க ஊரில் இன்னமும் சொல்லுவாங்க.

இதே மாதிரி அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அங்கே சோடா விற்றது மருந்துக்கடைகளில். 1886ல் அட்லாண்டாவில் கோகோ கோலாவைக் கலக்கிய ஜான் பெம்பர்ட்டன் மருந்து வியாபாரி. தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் நல்லது என்று சொல்லித்தான் விற்றார். பெப்சி கதை இன்னும் நேரடி. வட கரோலினாவில் நியூ பெர்ன் என்ற ஊர். கேலப் பிராட்ஹாம் என்ற மருந்துக்கடைக்காரர் 1893ல் ஒரு பானம் தயாரித்தார். 1898ல் அதற்கு பெப்சி கோலா என்று பெயர் வைத்தார். அஜீரணத்துக்கு ஆங்கிலத்தில் டிஸ்பெப்சியா என்று பெயர். அதிலிருந்துதான் பெப்சி! செரிமானத்துக்கு உதவும் என்று விளம்பரமே கொடுத்தார்கள். வயிற்றில் புரதத்தை உடைக்கிற என்சைமின் பெயர் பெப்சின், அது பானத்தில் கிடையாது. அப்புறம் ஒரு காமர்ஸ் பாடம்: முதல் உலகப் போருக்குப் பிறகு சர்க்கரை விலை ஏறிக்கொண்டே போக, இன்னும் ஏறும் என்று பிராட்ஹாம் நிறைய வாங்கி ஸ்டாக் வைத்தார். 1920ல் விலை விழுந்தது. 1923ல் கம்பெனி திவால். செரிமானத்துக்கு மருந்து விற்றவருக்கு சர்க்கரை செரிக்கவில்லை.

இந்தியாவுக்கு கோகோ கோலா 1950ல் வந்தது. 1973ன் அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொல்லி, தொழில் அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் பிடிவாதமாக நின்றதில் 1977ல் வெளியேறியது. அந்த இடத்தை நிரப்ப அரசாங்கமே 'டபுள் செவன்' என்ற பானத்தை இறக்கியது. மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. ஓடவில்லை. தம்ஸ் அப்பும் லிம்காவும் கோல்ட் ஸ்பாட்டும் ஓடின. 1990ல் 'லெஹர் பெப்சி', 1993ல் மறுபடி கோகோ கோலா. இதெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள், நான் வேகமாகப் போகிறேன். 2003ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பதாக அறிக்கை விட்டது, நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2004ல் அதை ஆமோதித்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்கமாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அப்போது பேசியதெல்லாம் தாமிரபரணித் தண்ணீர், அன்னிய மூலதனம், பூச்சிமருந்து. ஒரு பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை, அது வயிற்றை என்ன செய்யும் என்று பேசினவர்கள் குறைவு. பொவொண்டோவிலும்தான் சர்க்கரை இருக்கிறது. சுதேசிச் சர்க்கரை என்றால் கணையத்துக்கு அடையாளம் தெரியுமா என்ன?

சரி, உள்ளே போனால் என்னதான் நடக்கிறது? ஒரு 300 மில்லி கோலாவில் கரைந்திருக்கிற வாயு, வெளியே வந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் இடம் பிடிக்கும். மூடியைத் திறக்கும்போதும் வாயிலும் நிறைய போய்விடும். மிச்சம் வயிற்றுக்குள். வயிறு பலூன் மாதிரி விரியும். விரிந்ததும் உணவுக்குழாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற வால்வு கொஞ்சம் திறந்து வாயுவை மேலே விடும். அதுதான் ஏப்பம். கவனியுங்க, வெளியே வந்தது பெரும்பாலும் சோடா கொண்டுபோன வாயுவேதான்! நாம் ஐந்து ரூபாய் கொடுத்து உள்ளே அனுப்பிய காற்றை வெளியே விட்டுவிட்டு 'வாயு போச்சு' என்று சந்தோஷப்படுகிறோம். அந்த வால்வு திறக்கும்போது அமிலமும் கூட ஏறி வரலாம். நெஞ்செரிச்சல் இருக்கிறவர்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுவது அதனால்தான்.

ஆனால் சோடாவுக்கு ஆதரவாகவும் சாட்சி உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் மருத்துவர்கள் 2002ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அஜீரணமும் மலச்சிக்கலும் இருந்த 21 பேர், குறைந்தது 15 நாள். ஒரு குழுவுக்கு வாயு ஏற்றிய மினரல் வாட்டர், இன்னொன்றுக்குக் குழாய்த் தண்ணீர். வாயுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு இரண்டுமே கொஞ்சம் குறைந்தது. 21 பேர் என்பது சின்னக் கூட்டம், அந்தத் தண்ணீரில் தாது உப்புகளும் இருந்தன, முக்கியமாக சர்க்கரை கிடையாது. இன்னொன்று இதைவிட வினோதம். நார்ப்பொருள் வயிற்றில் உருண்டு கல் மாதிரி அடைத்துக்கொள்கிற நோய் ஒன்று இருக்கிறது. அதைக் கரைக்க மருத்துவர்களே கோகோ கோலா கொடுக்கிறார்கள்! 2013ல் கிரேக்க மருத்துவர்கள் 46 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோது பாதிப் பேருக்கு கோலா மட்டுமே போதுமாக இருந்ததாம். அதை வைத்துக்கொண்டு யாரும் பந்தியில் இரண்டாவது பாட்டில் கேட்காதீங்க.

இப்போது எங்க வீட்டு விஷயம்.

போன வருஷம் ஒரு ராத்திரி. பெரியப்பா கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார். பத்து மணிக்கு மேல்வயிறு கனமாக இருக்கிறது, நெஞ்சை அடைக்கிறது என்றார். வேர்த்தது. "கேஸ் ட்ரபிள்தான், ஒரு சோடா வாங்கிட்டு வாடா" என்றார். நான்தான் சைக்கிளில் போய் வாங்கிவந்தேன். குடித்தார், ஏப்பம் வந்தது, "இப்ப தேவலை" என்றார். எல்லோரும் படுத்துவிட்டோம். பன்னிரண்டு மணிக்கு மறுபடி. பெரியம்மா ஓமத் தண்ணி கொடுத்தாங்க. அப்புறம் ஒரு ஈனோ. இரண்டு மணிக்கு இடது கை மரத்துப்போகிறது என்றபோதுதான் பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோ எடுத்தார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னை. மாரடைப்பு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" பத்து மணி என்று சொல்லிவிட்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு அடிக்கப் போகிறது. அவர் ஒன்றும் திட்டவில்லை. இதயத்தின் கீழ்ப்பக்கத்துக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்தால் அஜீரணம் மாதிரியே இருக்கும், குமட்டல்கூட வரும், இப்படி நிறைய பேர் சோடா குடித்துவிட்டுத் தாமதமாகத்தான் வருகிறார்கள் என்றார். பெரியப்பா பிழைத்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் செத்துப்போன இதயத் தசை திரும்ப வராதாம். மில் வேலைக்கு அவர் அப்புறம் போகவில்லை.

சோடா மாரடைப்பைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த ஏப்பம் எங்களுக்கு ஒரு பொய்ப் பதிலைச் சொன்னது, நாங்களும் நம்பினோம், அவ்வளவுதான். பிரீஸ்ட்லி காலத்திலிருந்து கைமாறி வந்த நம்பிக்கை ஒன்று கும்மிடிப்பூண்டியில் ஒரு வீட்டின் நாலு மணி நேரத்தைத் தின்றிருக்கிறது.

வயிற்றுப்போக்கு விஷயத்திலும் இப்படித்தான். குழந்தைக்குப் பேதியானால் தெம்பு வரட்டும் என்று கூல்டிரிங்க் வாங்கித் தருகிறவர்களை எங்க பக்கத்து லைன் வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள்தான் என்றில்லை, நம்மவர்களும்தான். குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால்தான் தண்ணீர் ஒழுங்காக உறிஞ்சப்படும். 1960ல் ராபர்ட் கிரேன் சொன்ன இந்த விஷயத்தை அடிப்படையாகக் கொண்ட உப்பு சர்க்கரைக் கரைசலைத்தான் 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மகாலனபிஸ் டிரம் டிரம்மாகக் கலக்கிக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். இப்போதைய உலக சுகாதார நிறுவன ஓ.ஆர்.எஸ். கணக்கில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூட பொட்டாசியமும் சிட்ரேட்டும். கோலாவில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை, உப்பு பெயருக்குத்தான். அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். பேதி கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடிய பிறகு, ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு சர்க்கரைப் பானங்களை விற்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடை செய்தது. மருந்தின் பெயரைப் பானத்துக்கு ஒட்டுவது ஷ்வெப் காலத்தோடு முடியவில்லை பாருங்க.

வரிக் கணக்கு பார்க்காமல் விட்டால் பி.காம் படிப்பதற்கு அர்த்தமில்லை. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது இனிப்புச் சோடாவுக்கு 28 சதவீத வரி, அதன் மேல் 12 சதவீத செஸ். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் இல்லை, நேராக 40 சதவீதம். கூட்டிப் பார்த்தால் அதேதான். இனிப்போ மணமோ சேர்க்காத வெறும் சோடாவுக்கு 5 சதவீதம். ஆக வரிச்சட்டத்துக்கு வாயு மேல் கோபமில்லை, சர்க்கரை மேல்தான். இதில் எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. சின்ன உற்பத்தியாளர்கள் விற்றுமுதலில் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகிற காம்போசிஷன் திட்டத்திலிருந்து சோடா தயாரிப்பவர்களை 2019ல் நீக்கிவிட்டார்கள். கையால் சக்கரம் சுற்றி சீரக சோடா போடுகிறவரும், நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான பாட்டில் நிரப்புகிற ஆலையும் ஒரே வரிசையில். சர்க்கரைக்கு வரி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு சர்க்கரை என்று அளந்து போடலாமே? இங்கிலாந்தில் 2018லிருந்து அப்படித்தான் போடுகிறார்கள். நூறு மில்லிக்கு 5 கிராம் தாண்டினால் ஒரு வரி, 8 கிராம் தாண்டினால் அதிக வரி. வரி அமலாவதற்கு முன்னாலேயே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன.

பெரியப்பா இப்போது சாயங்காலம் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வருகிறார். கையில் ஒரு பழைய பாட்டிலில் நீர்மோர், பெரியம்மா கட்டளை. பெட்டிக்கடையைத் தாண்டும்போது கடைக்காரர் பழக்கதோஷத்தில் கோலி பாட்டிலை எடுத்துவிடுகிறார். பெரியப்பா மோர் பாட்டிலைத் தூக்கிக் காட்டிவிட்டு நடக்கிறார். "மோரு நல்லாத்தான்டா இருக்கு, ஆனா ஏப்பம் வரமாட்டேங்குது" என்று நேற்றும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.